பாட்டியின் பழைய சேலையில் பிள்ளைக்கு ஓர் அறை: செலவு குறைந்த தையல் வேலைகளும் கவனிக்க வேண்டியவையும்

ரெங்கம் – இரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் ‘நர்சரி’ என்று சொன்னால், அவர்கள் மனத்தில் வருவது ஆயாக்கொட்டகைதான். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஆயாவிடம் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார். உத்திரத்தில் வரிசையாகக் கட்டிய துணித் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் தொட்டில்களில் பெரும்பாலானவை தாயோ பாட்டியோ உடுத்திக் கிழிந்த சேலைகள். கடையில் வாங்கியது என்று எதுவும் இருக்காது.

தோட்டத் தொழிலாளர்களின் வீடமைப்போடு குழந்தைக் காப்பகத்துக்கும் குறைந்தபட்ச தரத்தை நமது நாட்டின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. ஆனால், தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், இன்று வீட்டிலேயே ஓர் அறை, அறை இல்லாவிட்டால் படுக்கையறையில் ஒரு மூலை ஒதுக்கப்படுகிறது. அதை அலங்கரிக்கும் பொருட்களைக் கைப்பேசியில் தேடத் தொடங்கினால், மெத்தை விரிப்பு, தலையணை, தொட்டில் ஓரத் திண்டு, சுவர்த் தொங்கல் என்று பட்டியல் நீண்டு, சம்பளத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

இவற்றில் தேவையானவற்றை ஒரு பழைய பருத்திச் சேலை, ஒரு பழைய வேட்டி, இரண்டு நூல்கண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே தைத்துவிடலாம். ஆனால், தைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. பாட்டி காலத்துப் பழக்கத்துக்கும் கிளினிக் தாதியின் அறிவுரைக்கும் இடையே இளம் தாய்மார்கள் தவிப்பது இந்த இடத்தில்தான். இரண்டையும் சேர்த்துக்கொண்டே தைக்க வழி இருக்கிறது.

முதல் வேலை அலமாரியில்

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல், பெரியவர்கள் உடுத்திய பழைய துணியில் ஏந்துவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது. பல முறை துவைத்த பருத்தியில் கஞ்சி, சாயம், ஆலை இரசாயனம் ஆகியவை பெரும்பாலும் போய்விட்டிருக்கும். துணியும் மெத்தென்று இருக்கும்.

ஆபத்து துணியில் இல்லை. அதை வைத்திருந்த இடத்தில் இருக்கலாம். சேலையைப் பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரியில் அந்துருண்டை போடுவது வழக்கம். பாச்சை உருண்டை என்றும், மலாயில் ‘உபாட் கெகாட்’ என்றும் சொல்லப்படுவது இதுதான். பல உருண்டைகளில் இருப்பது நாப்தலீன் என்ற இரசாயனம். அது ஆவியாகித் துணியில் ஏறிக்கொள்ளும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளையை அத்தகைய துணியில் போர்த்தினால், இரத்தச் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். கவனிக்கத் தவறினால் மூளையையே பாதிக்கும் அளவுக்குப் போகலாம்.

இந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது. ஆண் பிள்ளைகளிடமே அதிகம் காணப்படுகிறது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இதற்கான சோதனை செய்யப்படுகிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் அதன் முடிவைத் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால், தையல் வேலை பிள்ளை பிறப்பதற்கு முன்பே நடக்கிறது. அப்போது முடிவு யாருக்கும் தெரியாது. எனவே எல்லாருக்கும் ஒரே விதி: அந்துருண்டை வாசம் வீசும் துணி பிள்ளைக்கு வேண்டாம். வேறு சேலையைத் தேடலாம். தைத்து முடித்த துணிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் போதும். பூச்சிக்குப் பயந்தால் காய்ந்த வேப்பிலையை ஒரு சிறு பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் வைக்கலாம். துணியை எடுத்ததும் ஒருமுறை அலசிப் பயன்படுத்த வேண்டும்.

பருத்தியா, கலப்பா?

அடுத்தது, துணி உண்மையிலேயே பருத்திதானா என்று பார்க்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் பாலியெஸ்டர் துணி வேர்வையை உறிஞ்சாது. பிள்ளைக்கு வேர்க்குரு வரும். சேலையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்படித் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, கெட்டியான சிறு மணிபோல் ஆகிவிடும்.

பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இற்றுப்போன இடங்கள் சல்லடை போலத் தெரியும். இரு கைகளாலும் இழுக்கும்போது நூல் விலகினால் அந்தப் பகுதியைத் தொட்டிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. பிப்புக்கும் விரிப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். ஜரிகைக் கரை, கண்ணாடி, ஜிகினா இருந்தால் வெட்டி எடுத்துவிட வேண்டும். அவை மென்மையான தோலைக் கீறும்.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்ற பழமொழி பிள்ளைத் துணிக்கு முழுமையாகப் பொருந்தும். வாசனை அதிகம் இல்லாத சவர்க்காரத்தில் துவைத்து, சவர்க்காரம் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். ஆண்டிறுதி மழை மாதங்களில் வெயில் கிடைக்காது. அப்போது ஈரம் போகும்வரை இஸ்திரி போடுவது நல்லது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒரு சேலையில் எத்தனை பொருள்?

சேலை பொதுவாக ஐந்தரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் பதினைந்து செண்டிமீட்டர் அகலமும் இருக்கும். அதை இப்படி வெட்டினால் ஏறக்குறைய எதுவும் வீணாகாது.

முதலில் 2.2 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள். இவை தொட்டிலுக்கு. மீதி 1.1 மீட்டர் இருக்கும். அதிலிருந்து 33 செண்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்றை வெட்டி எடுத்து, அதை 8 செண்டிமீட்டர் வீதம் நான்கு நீளப் பட்டைகளாக்கினால் விரிப்பின் ஓரத்துக்கு ஆகும். எஞ்சியதில் 77 செண்டிமீட்டர் சதுரம் ஒன்று விரிப்பின் மேல் துணியாகும். கடைசியாக 77-க்கு 38 செண்டிமீட்டர் அளவில் மிஞ்சும் துண்டு, இரண்டு பிப்புகளுக்குப் போதும்.

தொட்டில் துணி

ஸ்பிரிங் தொட்டிலுக்குக் கைலியோ கைன் பாத்தேக்கோ மாட்டுவதைப் போலத்தான் இதுவும். 2.2 மீட்டர் துண்டுகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்கு ஓரமும் தைத்து ஒரே துணியாக்க வேண்டும். பிறகு இரு முனைகளையும் சேர்த்து, வெட்டிய ஓரம் உள்ளே மடிந்து மறையும்படி இரண்டு வரித் தையல் போட்டால் கைலி போன்ற வளையம் கிடைக்கும். வீட்டில் பழைய சிங்கர் இயந்திரம் இருந்தால் அதிலேயே தைக்கலாம். நூல் புதியதாகவும் உறுதியானதாகவும் இருக்க வேண்டும். சிக்கனத்தை இதில் காட்டக் கூடாது. தொங்கவிடும்போது, இணைப்புத் தையல் மேலே கயிறு கட்டும் இடத்தில் இருக்கட்டும். பிள்ளையின் முதுகுக்குக் கீழே வரக் கூடாது.

பிள்ளையைப் போடுவதற்கு முன் சோதனை செய்ய வேண்டும். பத்து கிலோ அரிசிப் பையைத் தொட்டிலில் வைத்து, நன்றாக ஆட்டி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பார்க்கலாம். தையல் பிரிந்திருக்கிறதா, துணி நைந்திருக்கிறதா, கொக்கி நெளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கீழே விழாதபடி, அதனூடே ஓர் உறுதியான கயிற்றையும் கட்டி வைப்பது நல்லது. துணியை வாரந்தோறும் துவைக்கும்போது தையலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டில் பற்றி மருத்துவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வளைந்து தொங்கும் துணியில் பச்சிளம் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுப் பாதை அடைபட வாய்ப்பிருக்கிறது. அதனால், குழந்தை தூங்க வேண்டிய இடம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்துகின்றனர். அமெரிக்காவில் 1994-இல் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும்படி பிரச்சாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்திலேயே நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஆயாக்கொட்டகையில் தொட்டிலில் தூங்கிய பிள்ளையின் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆயா இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைய வீட்டில் தாய் மட்டும் தனியே இருந்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. ஆகவே, தொட்டிலில் ஆட்டித் தூங்கவைக்கும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். பிள்ளை புரளவோ எழுந்து உட்காரவோ முயலும்போது தொட்டிலை நிறுத்திவிட வேண்டும்.

ஒரே நூல்கண்டில் ஒரு விரிப்பு

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சாதாரண ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் போர்வைக்கு ‘காந்தா’ என்று பெயர். நம் ‘கந்தை’ என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் அது. பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்குப் பயன்படுத்தினார்கள். பிறக்கப் போகும் பிள்ளைக்காக வீட்டுப் பெண்கள் அதைத் தைப்பது அங்கே வழக்கம். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்களும் கிழிந்த துணிகளை ஒட்டி இப்படியே ‘கவந்தி’ என்ற போர்வை தைக்கின்றனர். இதற்குக் கைத்தையலே போதும், இயந்திரம் தேவையில்லை.

சேலையின் 77 செண்டிமீட்டர் சதுரத்தை மேலே வைத்து, நாலு முழ வேட்டியிலிருந்து அதே அளவில் வெட்டிய இரண்டு சதுரங்களைக் கீழே அடுக்க வேண்டும். சுருக்கமில்லாமல் நீவி, பெரிய தையலாகப் போட்டு மூன்றையும் தற்காலிகமாக இணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 3 செண்டிமீட்டர் இடைவெளியில் பென்சிலால் கோடு இழுத்து, அதன்மேல் ஓட்டுத் தையல் போட வேண்டும். ஓரத்தை ஒழுங்காக வெட்டி, எடுத்து வைத்த பட்டையால் மடித்துத் தைத்தால் விரிப்பு தயார்.

எம்பிராய்டரி நூல்கண்டு ஒன்றில் பொதுவாக 8 மீட்டர் நூல் இருக்கும். அது ஆறு இழைகளால் ஆனது. இரண்டிரண்டு இழைகளாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். விரிப்பில் 24 வரிகள் வரும். வரிக்கு 90 செண்டிமீட்டர் நூல் என்று கணக்கிட்டால் 22 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆக, ஒரே கண்டு போதும். ஒரு மாலைக்கு நான்கு வரி தைத்தால் ஒரு வாரத்தில் வேலை முடியும்.

இந்த விரிப்பு பிள்ளை விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டுப் பழக்க ஏற்றது. தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதற்கு அல்ல. முதல் ஓராண்டில் தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டியிலும் கூறியுள்ளது. தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டுகளை அந்நாடு அதே ஆண்டு சட்டம் போட்டே தடைசெய்தது. கடைப் பட்டியலில் அழகாகத் தெரியும் அந்தத் திண்டை வாங்காமல் விட்டாலே ஒரு செலவு மிச்சம்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்று பாட்டி தைத்துத் தரும் கடுகுத் தலையணை, இலவம் பஞ்சுத் தலையணை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். அன்போடு தந்ததை ஒதுக்க மனம் வராது. பால் கொடுக்கும்போது தாயின் கைக்கு முட்டுக் கொடுக்க அந்தத் தலையணை உதவும். தூங்கும் பிள்ளையின் தலைக்குக் கீழே மட்டும் அதை வைக்க வேண்டாம்.

பிப்பும் கொசுவலையும்

பிப்புக்கு மேலே சேலைத் துண்டு, கீழே பழைய துவாலை. இரண்டையும் உட்புறம் வெளியே தெரியும்படி வைத்துச் சுற்றித் தைத்து, ஒரு விரற்கடை இடம் விட்டுத் திருப்பிப் போட்டு மூடிவிடலாம். கழுத்துக்கு நாடாவோ பொத்தானோ வேண்டாம். ஒட்டும் பட்டை தைத்தால், யாராவது இழுத்தாலும் உடனே பிரிந்துவிடும். தூங்கும்போது பிப்பைக் கழற்றிவிட வேண்டும்.

டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். பிள்ளை பகலில்தான் அதிக நேரம் படுத்திருக்கும். பழைய வலைத் திரைச்சீலையின் ஓரத்தில் எலாஸ்டிக் தைத்தால் கட்டிலின் மேல் மூடும் கொசுவலை ஆகிவிடும். வலை தொய்வில்லாமல், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் விறைப்பாக நிற்க வேண்டும். துளை பெரிதாக உள்ள வலை உதவாது.

பூத்தையலுக்கு உரிய இடம் சுவர்

பூத்தையல் போட ஆசைப்படுபவர்கள் அதைச் சுவருக்குப் போடுவதே நல்லது. பிள்ளையின் சட்டையிலும் கையுறையிலும் பூத்தையல் போட்டால், உட்புறத்தில் முடிச்சு உறுத்தும். தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக் கூடும். பிள்ளை காரணமின்றி விடாமல் அழுதால், கைகால் விரல்களில் நூலோ முடியோ சுற்றியிருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பது இதனால்தான். உடையில் போட்டே ஆக வேண்டும் என்றால், உட்புறத்தில் மெல்லிய துணி வைத்துத் தைத்து மூடிவிட வேண்டும். மணி, பொத்தான், முத்து ஆகியவற்றை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும் எதிலும் தைக்கக் கூடாது.

சுவருக்கு என்றால் கவலையில்லை. வேட்டியில் மிஞ்சிய வெள்ளைத் துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி, பென்சிலால் ஒரு செண்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுக்கொள்ளலாம். புள்ளிகளுக்கு முடிச்சுத் தையல், வளைகோடுகளுக்குச் சங்கிலித் தையல். வாசலில் கோலம் போடத் தெரிந்த கைக்கு இது எளிதில் வந்துவிடும். நடுவில் பிள்ளையின் பெயரைத் தமிழில் தைக்க இடம் விட்டு, பெயர் சூட்டிய பிறகு நிரப்பலாம்.

எந்த நிறம் என்பதிலும் ஒரு செய்தி உண்டு. பிறந்த பிள்ளைக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். வெளிர் நிறங்களைவிடக் கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடே கண்ணில் படும். நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் கொண்டு, இழைகளை எண்ணி எண்ணித் தைக்கும் பூவேலை உலகப் புகழ்பெற்றது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே மூன்று நிறங்களில் கோலத்தைத் தைத்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அருகில் காட்டும்போது அதன் கண் அங்கே நிற்கும். வளையத்தைக் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டாமல் எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும்.

எப்போது தொடங்குவது?

ஏழாம் மாத வளைகாப்புக்கு உறவினர்கள் வரும்போதே யாரிடம் நல்ல பருத்திச் சேலை இருக்கிறது என்று கேட்டு வைக்கலாம். எட்டாம் மாதத்துக்குள் தையலை முடித்துவிட்டு, எல்லாவற்றையும் இன்னொரு முறை துவைத்துக் காயவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் இருக்காது. தைக்கத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஊசி, குண்டூசிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை அந்தத் துணியைப் பிள்ளைக்குப் பயன்படுத்தக் கூடாது.

தைக்கத் தெரியாதவர்கள் கெமாஸ் நடத்தும் தையல் வகுப்புகளைப் பற்றி தங்கள் வட்டாரத்தில் விசாரிக்கலாம். அதைவிட அருகில், வீட்டிலேயே, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஊசியில் நூல் கோக்கும் பாட்டி இருக்கலாம். அவருடைய சேலையைக் கேட்கும்போது, அதை அலமாரியில் எதோடு வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.